"தவறி விழுந்தான்னு எழுதிக்கோங்க சார்"

1/
கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க. உங்க தெருவிலோ, தோட்டத்திலோ, மொட்டை மாடியிலோ ஒரு செல்போன் டவர் இருந்தால் கட்டாயம் படிங்க.

இது டவர் கதிர்வீச்சு பற்றிய பதிவு இல்லை. டவருக்கு மேலே ஒரு பொருளைக் கயிறு கட்டி ஏற்றும்போது கீழே நின்ற ஒரு பையனைப் பற்றிய பதிவு. அன்னைக்கு நான் செய்ய இருந்த ஒரு தப்பைப் பற்றியும்தான்.

2/
நான் தேனி மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர். சில வருஷங்களுக்கு முன், ஒரு ஆடி மாத மத்தியானம். வெளியே வேப்பமரம் பேயாட்டம் ஆடிட்டு இருந்துச்சு. கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு அந்தக் காத்து தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியா புகுந்து வரும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்கக் காரணமே அதுதான்.

108-ல ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. வயசு 22. கூட வந்த சூப்பர்வைசர் சொன்னது: "டவர் வேலை சார். பெல்ட் போடச் சொன்னேன், கேக்காம ஏறிட்டான். தவறி விழுந்துட்டான்."

3/
இங்கே ஒரு விஷயம் விளக்கணும். விபத்து என்று யார் வந்தாலும் நாங்க ஒரு பதிவேட்டில் எழுதுவோம். ஏ.ஆர். என்று சொல்லுவோம், விபத்துப் பதிவேடு. பெயர், நேரம், யார் கூட்டி வந்தது, என்ன காயம். கூடவே "எப்படி நடந்தது" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் முதல் ஆவணம். அதன் நகல்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். பின்னாடி கோர்ட்டுக்கும், இழப்பீட்டு விசாரணைக்கும் போகும். கூட்டம் நெருக்கும் கேஷுவாலிட்டியில் அந்த வரியை நாங்க பத்து நொடியில் எழுதிடுவோம். அன்னைக்கும் எழுதிட்டேன். "டவரிலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது."

4/
அப்புறம்தான் பையனை முழுசா பரிசோதிச்சேன். ஏதோ இடிச்சுது.

எங்க மாவட்டத்தில் உயரத்திலிருந்து விழுந்து வர்றவங்களைப் பார்க்காத டாக்டரே இருக்க முடியாது. தென்னையில் ஏறினவர், இலவம் காய் பறிக்க ஏறினவர், மிளகு பறிக்க ஏணி போட்டவர், சாரத்தில் நின்ற கொத்தனார். காலை ஊன்றி விழுந்தவங்களுக்கு உடம்பில் ஒரு கணக்கு இருக்கும். குதிகால் எலும்பு நொறுங்கும். அந்த அதிர்ச்சி அப்படியே மேலே ஏறி முதுகெலும்பை நசுக்கும். அதனாலதான் "குதிகால் உடைஞ்சிருந்தா முதுகையும் பார்" என்று எங்களுக்குச் சொல்லித் தருவாங்க.

5/
இந்தப் பையனுக்குக் குதிகாலில் ஒண்ணும் இல்லை. முதுகு, இடுப்பு எல்லாம் சரி. காயம் முழுக்க மேலே. தலையில் வீக்கம். வலது பக்கக் காறை எலும்பு உடைந்திருக்கு. வலது தோளில் கீழ்நோக்கிச் சிராய்த்த காயம். வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியலை. விரலைத் தொட்டால் "தெரியலை சார்" என்றான்.

விழுந்தவன் மேல் இப்படிக் காயம் வராது. இவன் மேலே ஏதோ விழுந்திருக்கு.

6/
வெளியே வந்து "கூட வேலை பாத்தது யாரு?" என்று கேட்டேன். ஐம்பது வயசு இருக்கும் ஒரு அண்ணன், கையில் கருப்பு பாலிதீன் பையோடு சுவரோரமா உட்கார்ந்திருந்தார். முதலில் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் ஏறவே இல்ல டாக்டர் சார். ஏறுனது நான். அவன் கீழ கயிறு இழுத்துட்டு நின்னான்."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு துண்டா விரிந்த ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஒரு இரும்புக் கொக்கி.

7/
நடந்தது இதுதான். பழைய ஆன்டெனாவை இறக்கிட்டு புதுசை ஏற்றணும். முப்பது கிலோ பக்கம் இருக்கும், ஆள் உயரத்துக்கு மேலே நீளம். டவர் உச்சியில் ஒரு கப்பி. அதன் வழியா கயிறு. ஒரு முனையில் கொக்கி போட்டு ஆன்டெனா. மறுமுனையை டவர் அடியில் நின்று மூணு பேர் கையால் இழுக்கிறாங்க.

பாதி உயரத்தில் காத்து அடிச்சு ஆன்டெனா சுழன்று, டவரின் குறுக்குக் கம்பியில் மாட்டிக்கிச்சு. விடுவிக்கறதுக்காகக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. கயிறு தளர்ந்த அந்த நொடியில், கொக்கியிலிருந்து வளையம் நழுவிடுச்சு.

8/
ஏன் நழுவுச்சு? கொக்கியின் வாயை மூடும் ஒரு சின்னத் தகடு இருக்கணும், ஸ்பிரிங் வச்சது. பாரம் இழுத்துப் பிடிச்சிருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. கயிறு தளரும்போதுதான் வேலை. பையில் இருந்த கொக்கியில் அந்தத் தகடு உடைஞ்சு போய் ரொம்ப நாள் ஆகியிருந்துச்சு. உடைஞ்ச இடமே துருப் பிடிச்சிருந்தது.

ஆன்டெனா கம்பிகளில் மோதி மோதி ஒரு பக்கம் விழுந்தது. அதிலிருந்து பிய்ந்து வந்த இரும்பு கிளாம்ப் ஒன்று நேரா இவன் தலையிலும் தோளிலும். ஹெல்மெட் இல்லைன்னா எனக்கு வேலையே இருந்திருக்காது. நேரா பிணவறைதான்.

9/
நான் திரும்ப வந்து பதிவேட்டைத் திறந்தேன். சூப்பர்வைசர் பின்னாடியே வந்தார். கோபக்காரர் இல்லை, பயந்த ஆள். "தவறி விழுந்தான்னு இருக்கட்டுமே சார். அப்படியே எழுதிக்கோங்க. நானும் மாச சம்பளம்தான். மேல இருக்கவங்க கேப்பாங்க."

எழுதின வரியைப் படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போட்டு, புதுசா எழுதினேன். "டவரில் ஏற்றப்பட்ட பொருளின் பாகம் மேலிருந்து விழுந்து, தரையில் நின்றிருந்தவரைத் தாக்கியதாக உடன் பணிபுரிந்தவர் கூறுகிறார். ஹெல்மெட் அணிந்திருந்தார்."

பையனை ஸ்கேனுக்கும் மேல் சிகிச்சைக்கும் க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம்.

10/
"ஒரு வரியில் என்ன சார் வந்துடப் போகுது?" என்று நீங்க கேட்கலாம். நிறைய வரும்.

1923-லேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையில் நடந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியிருந்தது. தொழிலாளி சாதாரணமா கவனம் தப்பியது, கை நழுவியது எல்லாம் மறுக்கக் காரணமே ஆகாது. ஆனால் பாதுகாப்புக் கருவியை வேணும்னே ஒதுக்கினார், போட்ட உத்தரவை வேணும்னே மீறினார் என்று காட்டினால், மறுக்க வழி இருந்தது. உயிர் போயிருந்தாலோ, முழு நிரந்தர ஊனம் என்றாலோ அந்த வாதம் செல்லாது. பகுதி ஊனம் என்றால் அந்த வாதத்துக்கு இடம் உண்டு.

11/
இப்போ அந்த வாக்கியத்தைத் திரும்பப் படிங்க. "பெல்ட் போடச் சொன்னேன், கேக்காம ஏறிட்டான்."

பையனுக்கு வரப்போவது பகுதி ஊனம். தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டிருந்தது. டவரில் ஏறவே ஏறாத ஒருத்தனை, பெல்ட் போடாமல் ஏறினவனாக நானே என் கையெழுத்தில் ஆக்க இருந்தேன்.

அதை விட ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது வேற ஒண்ணு. இதற்கு முன் எத்தனை பேருக்குப் பரிசோதிக்காமலே "தவறி விழுந்தார்" என்று எழுதியிருப்பேன்?

12/
அதுக்கப்புறம் அந்த அண்ணன் பையனைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னையும் பார்ப்பார். டீ குடிச்சுக்கிட்டே கேட்டுக் கத்துக்கிட்டேன். நான் இன்ஜினியர் இல்லை. பிளஸ் டூ இயற்பியலோடு சரி. ஆனா அவர் சொன்னதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. உங்களுக்கும் சொல்றேன்.

13/
முதல் கணக்கு: கப்பி.
உச்சியில் ஒரு கப்பி, கீழிருந்து இழுக்கிறோம். பொருள் 50 கிலோ என்றால் கப்பி தொங்கும் இடம் எவ்வளவு தாங்கணும்? 50 என்றுதானே நினைக்கிறீங்க? கிட்டத்தட்ட 100. பொருள் ஒரு பக்கம் 50 இழுக்குது, நாம மறுபக்கம் 50 இழுக்கிறோம். இரண்டும் சேர்ந்து அந்த ஒரே ஆணியில். பொருள் கம்பியில் மாட்டி, கீழே மூணு பேர் "ஏலேலோ" என்று தம் கட்டி இழுத்தால் இன்னும் கூடும்.

14/
இரண்டாவது: முடிச்சு.
புதுக் கயிறுதானே என்று நம்புவோம். ஒரு முடிச்சு போட்டாலே அந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி அளவுக்குக் குறையலாம். இதில் வெயிலில் காய்ந்த நைலான், கம்பி விளிம்பில் உராய்ந்த இடம், அறுந்து ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் சேர்ந்தால்?

எங்க தாத்தா கமலை இறைத்தவர். தினமும் விடியற்காலை மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி வடத்தை முழு நீளமும் கையால் உருவிப் பார்ப்பாராம். அவர் தூக்கினது தண்ணீர். அறுந்தால் சால்தான் கிணற்றுக்குள் போகும். அதற்கே அந்தக் கவனம்.

15/
மூன்றாவது: கட்டும் கோணம்.
ஒரு பொருளை இரண்டு பக்கமும் கட்டி நடுவில் தூக்குறோம். இரண்டு கட்டும் செங்குத்தா இருந்தால் ஆளுக்குப் பாதி எடை. நடுவில் 120 டிகிரி விரிஞ்சிருந்தால் ஒவ்வொரு கட்டும் முழு எடையையும் தாங்குது. அதுக்கும் மேல படுக்கையா போனால் எடையை விடக் கூடுதல். பொருள் அதேதான். கட்டின விதம்தான் வேறு.

16/
நான்காவது: காத்து.
காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. தட்டையான ஆன்டெனாவும் வட்ட டிஷ்ஷும் காத்துக்குப் பாய்மரம் மாதிரி. அதனால் தூக்கும் கயிறு தவிர, பொருளை டவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு கட்டாயம். அதை ஒரு ஆள் தள்ளி நின்று பிடிக்கணும்.

"அன்னைக்கு அந்தக் கயிறு இல்லையாண்ணே?" என்று கேட்டேன். "இருந்துச்சு சார். புடிக்க ஆளு இல்ல. நாலு பேரு வேலைக்கு மூணு பேரத்தான் கீழ விட்டாங்க."

17/
ஐந்தாவது: கீழே இருக்கும் இடம்.
நம்ம ஊரில் பார்க்கும் தரை டவர்கள் பல 40 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரு ஸ்பேனர் கைதவறினால் தரைக்கு வர மூணு நொடிதான். வரும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். "டேய் தள்ளு" என்று கத்தி, காதில் விழுந்து, அண்ணாந்து பார்க்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அண்ணாந்து பார்த்தால் முகத்தில் விழும்.

அதனால் தூக்கும்போது டவரைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை விலக்கணும். மேலே கொண்டு போகும் கருவிகளைப் பையில் போட்டு, இடுப்போடு கட்டணும்.

18/
"அப்போ கயிறு இழுக்கிறவன் எங்கே நிற்பான்? கயிறு நேர் கீழே தானே வருது?"

இதே கேள்வியை நானும் கேட்டேன். பதில் ரொம்ப எளிசு. டவர் அடியில் இன்னொரு கப்பி. கயிறு நேரா கீழே வந்து, அந்தக் கப்பியில் திரும்பி, பக்கவாட்டில் போகும். இழுக்கிறவன் தூரமா நின்று இழுக்கலாம். ஒரே ஒரு கப்பி. அது இருந்திருந்தா அந்தப் பையன் அந்த இடத்தில் நின்றிருக்கவே வேண்டியதில்லை.

19/
ஆறாவது: பொருள் ஏறும் கயிற்றில் ஆள் ஏறக் கூடாது. "படி ஏற நேரமாகும், அப்படியே தூக்கி விட்டுடு" என்று பாரக் கயிற்றில் தொங்கிப் போவது சில இடங்களில் பழக்கம். பொருளுக்குப் பார்த்த கணக்கு உயிருக்குப் பத்தாது. ஆளைத் தூக்க தனி இயந்திரம், தனி கயிறு, அதுக்கு மேல தனியா ஒரு பாதுகாப்புக் கயிறு வேணும்.

ஏழாவது: சைகை காட்டுவது ஒரே ஒரு ஆள். ஆனால் "நிறுத்து" என்று மட்டும் யார் வேணும்னாலும் சொல்லலாம். நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் சொன்னாலும் நிறுத்தணும்.

20/
"படிக்காத ஆளுங்க, நம்ம ஊரு அஜாக்கிரதை" என்று யாராவது கமெண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு அமெரிக்கக் கதை.

1982 டிசம்பர் 7. டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் மிசோரி சிட்டி. சுமார் 1,800 அடி உயரத்தில் புது ஒலிபரப்பு டவர். உச்சிக்கு 6 டன் ஆன்டெனாவை ஏற்றணும். ஆன்டெனாவின் பக்கவாட்டில் கூடை மாதிரி சில பாகங்கள் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தூக்கும் கயிறு அதில் இடிக்கும். "அதைக் கழற்றி, மேலே போனதும் மாட்டிக்கலாமா?" என்று கயிறு கட்டுகிறவங்க கேட்டாங்க. தயாரித்த நிறுவனம் முடியாது என்றது.

21/
வேற வழியில்லாம, கயிறு இடிக்காமல் இருக்க அவங்களே ஒரு இரும்பு நீட்டிப்பு செஞ்சு போல்ட் போட்டு மாட்டினாங்க. "இது தாங்குமா, பார்த்துச் சொல்லுங்க" என்று ஆன்டெனா நிறுவனத்து இன்ஜினியர்களைக் கேட்டாங்க. பார்த்துச் சொன்னால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று அவங்க பார்க்கவே மறுத்துட்டாங்க.

நீட்டிப்பு நீளமாக ஆக, போல்ட்டில் விழும் விசை பல மடங்கு கூடும். உச்சிக்குப் பக்கத்தில் போல்ட் அறுந்தது. விழுந்த ஆன்டெனா டவரை இழுத்துப் பிடித்திருந்த கம்பி வடத்தை அறுத்தது. மொத்த டவரும் சரிந்தது. 5 தொழிலாளர்கள் இறந்தாங்க. அது வீடியோவாகவே பதிவாகியிருக்கு. இன்னைக்கும் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு அறநெறிப் பாடமா இதைச் சொல்லித் தர்றாங்க.

22/
எனக்கு அதில் மனசில் நின்றது போல்ட் கணக்கு இல்லை. அந்தத் தொழிலாளிகள் கேட்டாங்க. முறையா, சரியான ஆளிடம், சரியான கேள்வியைக் கேட்டாங்க. தெரிஞ்சவன் வாயை மூடிக்கிட்டான், தன் கையெழுத்து அதில் வரக் கூடாது என்று. கையெழுத்துப் போடுகிற வேலையில் இருக்கும் எனக்கு அது உறைச்சுது.

23/
அங்கேயே 2003-லிருந்து 2011 வரை செல்போன் டவர் வேலையில் 50 பேர் இறந்ததாக 2012-ல் இரண்டு ஊடகங்கள் சேர்ந்து நடத்திய புலனாய்வில் வெளிவந்தது. பெரிய கம்பெனியிலிருந்து ஒப்பந்தம், அதற்குக் கீழே ஒப்பந்தம், அதற்கும் கீழே ஒப்பந்தம். அடியில் இருக்கிறவனுக்குக் காசும் குறைவு, நேரமும் குறைவு, கருவியும் பழசு. 2013-ல் மட்டும் அமெரிக்காவில் டவர் வேலையில் 13 பேர் இறந்ததா அந்நாட்டு வேலைப் பாதுகாப்புத் துறையே சொன்னது.

கேட்ட மாதிரி இருக்கா? மூணு பேரை மட்டும் கீழே விட்ட கணக்கும் இதுதான்.

24/
நம்ம நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் வரையறையிலேயே வயர்லெஸ், ரேடியோ, தொலைக்காட்சி, தொலைபேசி தொடர்பான கட்டுமானமும் பராமரிப்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. 1998-ல் வந்த மத்திய விதிகளில் தூக்கும் கருவி, கயிறு, கொக்கிக்குத் தனி அத்தியாயமே இருந்தது. 1923 சட்டத்தில் இன்னொரு பிரிவு: சின்ன ஒப்பந்தக்காரர் கையை விரித்தால், வேலையைக் கொடுத்த பெரிய முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்று இருந்தது. சட்டங்கள் இப்போ புதுத் தொகுப்புகளா மாறியிருக்கு. அதனால் பாதிக்கப்பட்டவங்க மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் இலவச சட்ட உதவி மையத்திலும் தாமதிக்காமல் கேளுங்க.

25/
இனி டாக்டராக என் பகுதி. கம்பத்திலிருந்து தேனிக்கே 40 கிலோமீட்டர். மலையடிவாரத் தோட்டம் என்றால் இன்னும் கூட. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் நீங்கதான் டாக்டர்.

விழுந்தவரையோ, பொருள் விழுந்து அடிபட்டவரையோ உடனே உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க, ஆட்டோவில் மடக்கிப் போடாதீங்க. மேலே இன்னும் ஏதாவது விழும் ஆபத்து இருந்தால் மட்டும் தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து நகர்த்துங்க. ஹெல்மெட்டைப் பிடுங்காதீங்க, மூச்சு விட அது தடையா இருந்தால் தவிர. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வச்சு விடாமல் அழுத்துங்க. 108.

26/
கயிறு, வின்ச் வேலையில் விரல் துண்டாவது உண்டு. துண்டான விரலை ஐஸில் நேரா போடாதீங்க. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில் வச்சு, ஆளோடு சேர்த்து அனுப்புங்க.

27/
இது பலருக்குத் தெரியாது. பெல்ட் விழாமல் பிடிச்சிடும், சரி. ஆனா அந்தரத்தில் அசையாம தொங்கிக்கிட்டே இருந்தால், ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிஷத்திலேயே மயக்கம் வரலாம். உயிருக்கே ஆபத்து. தொங்கும்போது நினைவு இருந்தால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிக்கிட்டே இருங்க. முழங்காலை மேலே தூக்குங்க. கயிற்றில் வளையம் போட்டு அதில் காலை ஊன்றி நில்லுங்க.

"இறக்கினதும் படுக்க வைக்கக் கூடாது, உட்கார்த்தி வைக்கணும்" என்று பழைய பயிற்சியில் சொல்லியிருப்பாங்க. அதற்கு ஆதாரம் இல்லை. மற்ற மயக்கத்துக்கு மாதிரியே படுக்க வச்சு, மூச்சு இருக்கா பாருங்க. அதனால், மேலே மாட்டிக்கிட்டவரை எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்னாடியே பேசி வைக்கணும். தீயணைப்பு வண்டி வந்து பார்த்துக்கும் என்று ஏறக் கூடாது.

28/
2022 அக்டோபரில் 5ஜி வந்ததிலிருந்து நம்ம பள்ளத்தாக்கு டவர்களிலும் கருவி மாற்றும் வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கு. சின்ன வயசில் திராட்சைத் தோட்டத்தில் ரேடியோவில் கோடை பண்பலை 100.5 கேட்டு வளர்ந்த ஆளு நான். அந்தச் சத்தம் மலை உச்சியிலிருந்து வர யாரோ ஒருத்தர் அங்கே கயிறு கட்டி இரும்பை ஏற்றியிருக்கணும் என்று ஒரு நாளும் யோசிச்சதில்லை.

29/
நீங்க என்ன செய்யலாம்?

டவருக்கு இடம் வாடகைக்கு விட்டவரா? வேலைக்கு வர்றவங்களிடம் "கீழ எத்தனை பேரு? காத்து பலமா இருக்கே, நாளைக்குச் செய்யலாமா?" என்று கேளுங்க. உங்க இடம், கேட்க உரிமை உண்டு.
பக்கத்து வீட்டுக்காரரா? வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விடாதீங்க. அண்ணாந்து நின்று வீடியோ எடுக்காதீங்க.
தொழிலாளியா? தகடு இல்லாத கொக்கியைப் பையில் வைக்காதீங்க, தூக்கிப் போடுங்க. வச்சிருந்தால் என்னைக்காவது அவசரத்தில் எடுத்து மாட்டுவீங்க.
டூட்டி டாக்டரா? அந்த வரியை எழுதும் முன்னாடி காயத்தைப் பாருங்க. கூட வேலை பார்த்தவரைக் கேளுங்க. முதலாளி ஆளை மட்டும் கேட்டு எழுதாதீங்க.

30/
அந்தப் பையன்? பிழைச்சான். காறை எலும்பு கூடிடுச்சு. கை முழுசா திரும்பலை. முழங்கை மடங்குது, தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஒரு வருஷம் கழித்து மாற்றுத் திறனாளி சான்றிதழ் விஷயமா வந்தான். கூட அவங்க அம்மா.

"அன்னைக்கு நீங்க எழுதுன காயிதத்தத்தான் சாமி வக்கீலு முதல்ல கேட்டாரு" என்றார் அந்த அம்மா. வழக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் பேசலை. அடிச்சு எழுதின வரியும் அந்த நகலில் இருக்கும் என்று அவங்களுக்குத் தெரியுமா என்று தெரியலை.

31/
பையன் போகும்போது கேட்டான்: "சார், எங்க செட்டுல இப்ப புதுக் கொக்கி வாங்கிட்டாங்களாம். அடியில கப்பியும் போடுறாங்களாம். அண்ணன் சொன்னாரு." சந்தோஷமாத்தான் சொன்னான். இடது கையால் கதவைத் திறந்துக்கிட்டுப் போனான்.

ஒரு கொக்கி, ஒரு கப்பி, ஒரு ஆள் கூலி. அவ்வளவுதான் விலை.

இப்போ யாராவது "தவறி விழுந்துட்டாரு சார்" என்று சொன்னால் நான் பேனாவை எடுக்கிறதில்லை. முதலில் குதிகாலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்க வீட்டில், தெருவில் டவர் வேலைக்குப் போகிற தம்பிகள் இருந்தால் இதைக் காட்டுங்க.